காப்புக்குக் கீழே

வள்ளிநாச்சன் எண்ட என்ர பேர்
துரைசாணியின் வாய்க்குள் போய்
வாளியாகி வெளியில் வந்தது.
"வாளி, தண்ணி கொண்டா."
"வாளி, கதவைச் சாத்து."
அவவுக்குத் தெரிந்த தமிழெல்லாம் ஏவல்.
கேட்கிற தமிழ் ஒண்டும் தெரியாது.

முல்லைத்தீவுக் கோட்டைக்குள் பங்களா.
சோழகம் மணலை அள்ளிச் சோற்றில் போடுகிற மாதத்திலும்
கழுத்துவரை பொத்தான்,
மணிக்கட்டுவரை சட்டை,
அதற்கு மேலே ரெண்டு விரல் அகலத்தில் பவுன் காப்பு.
குளிக்கும்போதும் கழற்றமாட்டா.
சீமை வழக்கமாக்கும் எண்டிருந்தன்.

என்ர கையில் தேள்.
வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்த குறத்தி
விளக்குக் கரியை எடுத்து,
பக்கத்தில் பிள்ளைக்குப் பால் குடுத்தவளிடம்
ரெண்டு சொட்டுக் கேட்டு வாங்கிக் குழைச்சு
மூண்டு ஊசியால் குத்தின பச்சை.
கூலி ரெண்டு கொத்து நெல்லு.
ஏன் தேள் எண்டால்
மற்றது மயில்.
மயிலுக்கு நாலு கொத்து.

ஒருநாள் பாதிரியாரின் பெண்சாதி
என்ர கையைக் கண்டு கோப்பையைக் கீழே வைத்தா.
துரைசாணி என்னவோ சொன்னா,
ரெண்டு பேரும் சிரிச்சினம்.
அடுத்த கிழமை எனக்கு
நீளக்கைச் சட்டை ஒண்டு தைச்சு வந்தது.
சம்பளத்தில் ஐம்பது சதம் போனது.

நந்தன வருஷம் மார்கழியில் காய்ச்சல்.
வன்னிக் காய்ச்சலுக்கு ஆர் துரைசாணி, ஆர் வாளி?
அப்போதிக்கரி கொயினாவைக் கரைச்சுக் குடுத்திட்டு
வட்டுவாகலில் வேறு ஆக்களைப் பார்க்கப் போனார்.
துரை மாங்குளத்தில்,
றோட்டுக் கணக்கில்.
ஒன்பதாம் நாள் இரவு
ஈரத்துணி போட அவவின் சட்டைக்கையை மடிச்சன்.
மெலிஞ்ச கையில் காப்பு வழுகி
முழங்கைக்கு ஏறிப் போனது.

பாம்பு.

மணிக்கட்டைச் சுற்றி ஒரு சுற்று,
தன்ர வாலைத் தானே கவ்வினபடி.
நீலமும் சிவப்பும்.
செதிலை ஒவ்வொண்டாய் எண்ணலாம்.
(குறத்தியின் தேளுக்கு ஒரு கால் குறைவு.)
முதலில் அடிக்கக் கை ஓங்கினன், உண்மை.
பிறகு விளக்கைக் கிட்டப் பிடிச்சன்.
நாடியின் மேல் படுத்திருந்து
அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவ கண் திறந்தா.
நான் பார்த்ததைப் பார்த்தா.
முற்றத்தில் குதிரை நிண்ட சத்தம்,
படியில் துரையின் சப்பாத்து.
"வாளி" எண்டா.
அதற்குப் பிறகு
கொண்டாவும் இல்லை, சாத்தும் இல்லை.

நீளக்கைச் சட்டையின் ஒரு கையைப்
பல்லால் கடிச்சுக் கிழிச்சன்.
நனைச்சு அவவின் மணிக்கட்டில் சுற்றினன்.
துரை கதவடியில்.
என்ர தேள் வெளியில்.
அவர் அதைத்தான் பார்த்தார்,
முகத்தைச் சுளிச்சார்.

தை பிறக்கக் கஞ்சி குடிச்சா.
ஆருமில்லாத ஒரு மத்தியானம்
விறாந்தையில் இருந்து காப்பை விரலால் நகர்த்தி,
பாதி தமிழிலும் பாதி கையாலும் சொன்னா:
கலியாணத்துக்கு முதல்.
லண்டனில், கதவு பூட்டின ஒரு அறை.
அங்கே பெரிய வீட்டுப் பெண்டுகள் எத்தனையோ பேர்
உடுப்புக்குள்ளே வண்ணாத்திப்பூச்சி வைச்சிருக்கினமாம்,
பூ வைச்சிருக்கினமாம்.
நான் நம்பவில்லை.
விலையைக் கேட்டன்.
சொன்னா.
அந்தக் காசுக்கு ரெண்டு சோடி எருமை வாங்கலாம்.
"அப்ப மயிலே குத்தியிருக்கலாமே" எண்டன்.
விளங்கவில்லை அவவுக்கு.

பிறகு என்ர தேளில் விரலை வைத்தா.
இல்லாத காலைத் தேடினாவோ தெரியாது.
அவ்வளவு தமிழுக்குள்ளும் துழாவி
ஒரு சொல்லை எடுத்தா:
"நோ?"

அவவின் பாஷையில் அதற்கு இல்லை எண்டு அர்த்தம்.
எங்கட பாஷையில் நோ நோதான்.
"ஓம்" எண்டன். "நொந்தது."
தலையாட்டினா.
காப்பை இழுத்து மூடினா.
"வாளி, தேத்தண்ணி."

மாதக் கடைசியில்
கிழிச்ச சட்டைக்கு எண்டு
துரை இன்னுமொரு ஐம்பது சதம் பிடிச்சார்.
துரைசாணி புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை.
பக்கமும் திருப்பவில்லை.